முன்னறையில் கிளினிக், பின்கட்டில் குடும்பம்: வாசகர் கேள்வி – பதில்

மருமகள் எம்.பி.பி.எஸ்., ஹவுஸ் சர்ஜன்சி இரண்டும் முடித்துவிட்டாள். ஊரிலேயே, வீட்டு முன்னறையில் கிளினிக் போட ஆசைப்படுகிறாள். இரண்டு வயதுப் பேத்தி வீடு முழுக்க ஓடுகிறாள். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?
– வாசகி, மன்னார்குடி

பேப்பர் வேலை அலைச்சல்தான், கஷ்டமில்லை. தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் நிரந்தரப் பதிவு. 1997-ல் வந்த மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி மாவட்ட ஜே.டி. (சுகாதாரப் பணிகள் இணை இயக்குநர்) ஆபீசில் கிளினிக்குக்குப் பதிவு. மருத்துவக் கழிவுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி. கழிவை எடுத்துப்போகும் நிறுவனத்தோடு ஒப்பந்தம். மருந்துச் சீட்டில் பதிவு எண் இருக்க வேண்டும். ஃபீஸ் எவ்வளவு என்று போர்டில் எழுதி மாட்ட வேண்டும் என்றும் விதி இருக்கிறது. அப்படி ஒரு போர்டை ஊர்ப்பக்கம் தேடித்தான் பார்க்க வேண்டும்!

இனிப் பேத்தி விஷயம். வீட்டோடு கிளினிக் என்றால் முதல் பயம் ஊசிதான். போட்ட ஊசிக்கு மூடியைத் திரும்ப மாட்டவே கூடாது. அப்போதுதான் விரலில் குத்தும். 'அப்புறம் போடலாம்' என்று ட்ரேயில் வைத்த ஊசி பஞ்சுக்கடியில் மறைந்து, பெருக்குபவர் கையில் ஏறும். அதனால் போட்ட ஊசியைப் போடும் டப்பா கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும், ஆனால் தரையில் வேண்டாம். சுவரில், பெரியவர் இடுப்புக்கு மேலே மாட்டுங்கள். ஊசிக்குக் குத்தினாலும் துளையாத வெள்ளை டப்பா. முக்கால் நிறைந்ததும் மூடிவிட வேண்டும். ஊசி நீக்கிய சிரிஞ்ச், ட்ரிப் ட்யூப், கையுறை சிவப்புப் பையில். ரத்தம் பட்ட பஞ்சும் கட்டுத்துணியும் மஞ்சள் பையில். கண்ணாடிக் குப்பி, ஆம்ப்யூல் நீல நிற டப்பாவில். 48 மணி நேரத்துக்கு மேல் எதுவும் வீட்டில் தங்கக் கூடாது.

மருமகளுக்கு மட்டுமல்ல, கிளினிக் பெருக்கும் அம்மாவுக்கும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடுங்கள்: முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. போட்ட ஊசி தவறிக் கையில் குத்திவிட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும் போதும், பிதுக்க வேண்டாம். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவைப்பட்டால் 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை.

பலர் மறப்பது மேஜை டிராயரை. மெடிக்கல் ரெப் கொடுத்த சாம்பிள் மாத்திரைகள் அதில்தான் கிடக்கும். இரும்புச்சத்து மாத்திரை பார்வைக்கு மிட்டாய் மாதிரியே இருக்கும். கிளிமெப்பிரைடு போன்ற சர்க்கரை மாத்திரை ஒன்றே ஒன்று உள்ளே போனாலும் அந்த வயதுப் பிள்ளைக்குச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். டிராயருக்குப் பூட்டு, சாவி ஆணியில் உயரமாக.

தடுப்பூசிகளை வீட்டு ஃபிரிட்ஜிலேயே வைக்கலாமா? எங்கள் ஊரில் கரண்ட் அடிக்கடி போகும்.
– வாசகர், அரூர்

இட்லி மாவோடு கூடவே கூடாது. தடுப்பூசிக்கென்று தனி ஃபிரிட்ஜ் வேண்டும், உள்ளே 2 முதல் 8 டிகிரி செல்சியஸ். மாவுக்காக நாளைக்குப் பத்து முறை கதவைத் திறந்தால் அந்த அளவு நிற்காது.

கரண்ட் போய்ச் சூடாகிவிடுமே என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். உறைந்து கெடுவதை யாரும் யோசிப்பதில்லை. பென்டாவேலன்ட், ஹெபடைடிஸ் பி, டி.டி. இவையெல்லாம் ஒருமுறை உறைந்தால் குப்பைதான். உருகியபின் பார்த்தால் வித்தியாசமும் தெரியாது. ஆகவே ஃப்ரீசரை ஒட்டி வைக்காதீர்கள். கதவிலும் வேண்டாம், திறக்கும்போதெல்லாம் சூடேறும். நடுத் தட்டுதான் சரியான இடம். கீழே காய்கறி டிரேயில் தண்ணீர் பாட்டில்களை அடுக்குங்கள். கரண்ட் போனால் குளிர்ச்சியைப் பிடித்து வைப்பவை அவைதான். உள்ளே தெர்மாமீட்டர், வெளியே ஒரு நோட்டு. காலை, மாலை இரண்டு வேளையும் குறிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும்தான். கரைத்த எம்.ஆர். (தட்டம்மை, ரூபெல்லா) தடுப்பு மருந்து 4 மணி நேரம் தாண்டினால் கொட்டிவிட வேண்டும்.

ஊசி போட்ட குழந்தையை அரை மணி நேரம் உட்கார வைத்து அனுப்புங்கள். அட்ரினலின் ஆம்ப்யூல் (1 மி.லி.க்கு 1 மி.கி.) எப்போதும் ட்ரேயில் இருக்கட்டும். கடும் ஒவ்வாமை வந்தால் பெரியவருக்கு 0.5 மி.லி., குழந்தைக்கு ஒரு கிலோ எடைக்கு 0.01 மி.லி.; தொடையின் வெளிப்பக்கத் தசையில். மாதம் ஒருமுறை காலாவதித் தேதியைப் பாருங்கள்.

என் கணவர் டாக்டர். ராத்திரி இரண்டு மணிக்கும் கதவைத் தட்டுகிறார்கள். போகாதீர்கள் என்று சொல்லவும் மனசு வரவில்லை, சொல்லாமலும் முடியவில்லை.
– வாசகி, தென்காசி

போவதா வேண்டாமா என்பதை விட, அவர் போவதால் நோயாளிக்கு நேரம் மிச்சமா வீணா என்று பாருங்கள். நெஞ்சு வலி, வாய் கோணல், ஒரு பக்கக் கை கால் விழுந்தது, பாம்புக்கடி: இவற்றுக்கு டாக்டர் கிளம்பிப் போவது தாமதம்தான். கதவைத் திறந்த கையோடு 108-ஐக் கூப்பிடச் சொல்ல வேண்டும். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கணக்கு. படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவருக்கு மூத்திரம் அடைத்துக்கொண்டால், அங்கே அவர் போனால்தான் அர்த்தம்.

மாலையே தடுக்கக்கூடியதும் உண்டு. வயிற்றுப்போக்குப் பிள்ளையை அனுப்பும்போது, 'ஓ.ஆர்.எஸ். பாக்கெட் முழுவதையும் ஒரு லிட்டர் தண்ணீரில் கரையுங்கள், டம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டாதீர்கள்' என்று சொல்லி, எப்போது திரும்ப வர வேண்டும் என்பதையும் சீட்டிலேயே எழுதட்டும்: கண் குழிந்தால், ஆறு மணி நேரமாக மூத்திரம் போகாவிட்டால், குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்தால். பாதி பேர் தட்டுவது, காத்திருக்கலாமா கூடாதா என்று தெரியாத பயத்தில்.

டாக்டர் தன் பிள்ளைக்குத் தானே வைத்தியம் பார்க்கலாமா?
– வாசகர், பண்ருட்டி

சளிக்கும் சிராய்ப்புக்கும் பார்க்கலாம். அதற்கு மேல் வேண்டாம். வெளி நோயாளியிடம் பத்துக் கேள்வி கேட்பவர், மகனிடம் ஒன்றும் கேட்காமல் 'எல்லாம் தெரியுமே' என்று மருந்து கொடுத்துவிடுவார். வயிற்றை அழுத்திப் பார்க்க மாட்டார், சீட்டும் எழுத மாட்டார். பயந்தால் நேர்மாறாக, வேண்டாத டெஸ்ட் எல்லாம் எடுப்பார். பக்கத்து ஊர் டாக்டர் ஒருவரிடம் குடும்பம் முழுவதற்கும் நோயாளிச் சீட்டுப் போட்டு வைத்துக்கொள்வது நல்லது. டாக்டருடைய பி.பி.யையும் அவரே பார்க்கட்டும்.