குளிசைப் பையைப் பாயில் கொட்டுங்கள்: மருத்துவ மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில்

திருகோணமலையில் சீனி வருத்தம் (நீரிழிவு), பிரஷர் கிளினிக்குகளில் கனகாலம் இருந்தவன் நான். மாணவர்களைக் கூட்டிக்கொண்டு நோயாளர் வீடுகளுக்கும் போனவன். நாட்பட்ட வருத்தக்காரருக்கு எப்படிக் கைகொடுப்பது என்று வந்த கேள்விகளில் சில கீழே.

சேர், எல்லாம் விளக்கமாகத்தான் சொல்கிறோம். தலையாட்டுகிறார்கள். அடுத்த மாதம் வந்தால் வெறும்வயிற்றில் இரத்தச் சீனி அதே 210. எங்கே பிழை? (மாணவி, உப்புவெளி)

தங்கச்சி, நீங்கள் கதையை முடித்தால் போதும் என்றும் தலையாட்டுவார்கள். ஒரு கணக்குப் போடுங்கள். மாதம் ஒருக்கால், பத்து நிமிடம்: வருடத்துக்கு 2 மணித்தியாலம். வருடத்தில் இருப்பதோ 8,760. மிச்ச 8,758 மணித்தியாலமும் அந்த மனுசிதான் தனக்கு வைத்தியர். வளர்ந்த நாடுகளிலேயே நீண்டகால மருந்தை ஒழுங்காக எடுப்பவர்கள் சராசரியாகப் பாதிப்பேர்தான் என்று உலக சுகாதார நிறுவனம் 2003இல் எழுதியது. ஆகவே நம்மூர் ஆச்சிமாரை மட்டும் ஏசாதீர்கள்.

சாம்பல்தீவில் ஒரு ஆச்சி. சீனி இறங்கவில்லை, கிளினிக் கொப்பியில் மருந்தின் அளவு மட்டும் ஏறிக்கொண்டே போனது. கூட்டி எழுதியதில் என் கையெழுத்தும் உண்டு. வீட்டுக்குப் போய்க் குளிசைப் பையைப் பாயில் கொட்டச் சொன்னேன். மூன்று மாதத்துக் கடதாசி உறைகள். மாணவர்கள் எண்ணினார்கள்: சீனிக்குக் கொடுக்கும் மெட்போர்மின் 88. அத்தனையும் இரவுக் குளிசை. "ஏன் ஆச்சி போடேல்ல?" என்று ஒரு பொடியன் ஏசுகிற குரலில் கேட்டான். அவ உறையைக் காட்டினா: 'சாப்பாட்டுக்குப் பிறகு.' இரவில் அவ சாப்பிடுவதில்லை, ஒரு பிளேன்டியோடு படுத்துவிடுவா. நாங்கள் எழுதியதை எழுத்துப் பிசகாமல் செய்திருக்கிறா.

இதன்பிறகு எங்கள் குழுவில் "ஒழுங்காப் போடுறீங்களோ?" என்ற கேள்வியே கிடையாது. "எல்லாருக்கும் தவறுறதுதான், உங்களுக்குக் கிழமையில எத்தனை தரம்?" என்றுதான். விளக்கிய பிறகு, "நான் விளங்கச் சொன்னேனோ தெரியாது, வீட்டில போய் மகளுக்கு எப்பிடிச் சொல்லுவீங்கள்?" என்று அவர்கள் வாயால் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

தம்பலகாமத்தில் வயல்காரரிடம் போய்ச் சோற்றைக் குறை என்றால் கேட்பார்களா? (மாணவன், தம்பலகாமம்)

கேட்கமாட்டார்கள். நானும் கேட்கமாட்டேன். எதை மாற்றலாம் என்று அவரிடமே கேளுங்கள். ஒருவர் தேத்தண்ணிச் சீனியைத் தெரிந்தெடுத்தார்: நாளுக்கு நாலு கோப்பை, கோப்பைக்கு இரண்டு கரண்டி. "ஒரு கரண்டியாக்க ஏலும் எண்டதுக்குப் பத்துக்கு எத்தனை?" "அஞ்சு." இங்கேதான் மாணவர்கள் புத்திமதி சொல்லத் தொடங்குவார்கள். அதை விட்டு, "ஏன் இரண்டு இல்லாம அஞ்சு?" என்று கேட்டுப்பாருங்கள். தன்னால் ஏலும் என்பதற்கான காரணங்களை அவரே சொல்லுவார். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983இல் எழுதத் தொடங்கிய ஊக்க நேர்காணல் முறையில் வரும் கேள்விதான் இது. 7க்குக் கீழே நின்றால் இலக்குப் பெரிது என்று அர்த்தம், ஆள் சோம்பேறி என்றல்ல. அவருடைய இலக்கைக் காலைக் கோப்பைக்கு மட்டும் என்று சுருக்கினோம். எட்டானது.

எங்கட உம்மா சீனிக்காரி. நோன்பை விடச் சொன்னால் டொக்டருக்குத் தெரியாமல் பிடிப்பா. (மாணவி, கிண்ணியா)

அப்படித்தான் நடக்கும். ஆகவே றமழானுக்கு ஒன்றரை, இரண்டு மாதம் முன்பே பேச்சை எடுங்கள். நோன்பு அவருக்கு எவ்வளவு ஆபத்து என்று பார்த்து, மருந்தின் நேரத்தையும் அளவையும் வைத்தியர் மாற்றி எழுத வேண்டும். சீனி 70க்குக் கீழே இறங்கினாலோ 300க்கு மேல் ஏறினாலோ நோன்பைத் திறக்க வேண்டும். இதை உம்மாவின் வாயால் முதலே சொல்லுவியுங்கள். விரல் குத்திப் பார்ப்பது நோன்பை முறிக்காது என்பதை ஊர் மௌலவி சொன்னால் என் சொல்லைவிட எடுபடும்.

அப்பா இரவில் கடலுக்குப் போறவர், இரண்டு நேரம் இன்சுலின். (மாணவன், மூதூர்)

ஊசி எழுதுமுன் வள்ளம் எத்தனை மணிக்கு வெளிக்கிடும், சாப்பாடு எப்போது என்று யாராவது கேட்டார்களா? ஊசி போட்டுச் சாப்பாடு பிந்தினால் நடுக்கடலில் சீனி இறங்கும். நேரத்தைக் கிளினிக்கில் சொல்லி ஊசியை மாற்றி அமையுங்கள். வள்ளத்தில் சீனிப் போத்தல் ஒன்று எப்போதும் இருக்கட்டும்: நடுக்கம், வியர்வை என்றால் மூன்று தேக்கரண்டி, 15 நிமிடத்தில் குறையாவிட்டால் திரும்பவும். கூடப் போகிறவருக்கும் சொல்லி வையுங்கள்.

நூறு பேர் வரிசையில். நேரம் எங்கே? (பயிற்சி வைத்தியர்)

"இந்த மாதம் எது கஷ்டமா இருந்தது?" ஒரே கேள்வி. கேட்டுவிட்டு வாயை மூடுங்கள், அதுதான் கடினம். இன்னொன்று, வாங்கில் காத்திருக்கும் நேரம் வீணாகப் போகிறது. அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் கேற் லோரிக் குழுவினர், வருத்தக்காரர் தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ளப் பழக்குவதற்கு உருவாக்கிய ஆறு வாரப் பயிற்சியை நடத்துகிறவர்களில் பலர் தாங்களும் நாட்பட்ட வருத்தக்காரரே. ஊசிக்குப் பயப்படுகிறவருக்கு, பத்து வருடம் ஊசி போடுகிற பக்கத்து வாங்கு அக்காதான் நல்ல ஆசிரியை.

இதை மாணவருக்கு வகுப்பில் எப்படிப் படிப்பிப்பது? (விரிவுரையாளர்)

சிறிய இனிப்புக் குளிசைகளை உறையில் போட்டு, காலை ஒன்று இரவு ஒன்று, இரண்டு கிழமைக்குக் கொடுங்கள். மொத்தம் 28. நானும் மாணவரோடு சேர்ந்து எடுத்தேன். கடைசி நாள் எல்லோரும் மேசையில் கொட்டினோம். என் உறையில் 5 மிச்சம். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை, நித்திரை வந்துவிட்டது.