வாங்கியது கறுப்பு துலிப், பூத்தது சிவப்பு

கேள்வி: ஜெர்மனியில் இருக்கிறேன். போன அக்டோபரில் ஆன்லைனில் 'குயின் ஆஃப் நைட்' துலிப் கிழங்கு ஐம்பது வாங்கி நட்டேன். கறுப்பாகவே தெரியும் அந்தக் கருஞ்சிவப்புக்காகத்தான் வாங்கினேன். ஏப்ரலில் பூத்ததெல்லாம் பளீர் சிவப்பு. கடையில் கேட்டால், "திருப்பித் தரும் 14 நாள் எப்போதோ முடிந்துவிட்டது" என்கிறார்கள். அவ்வளவுதானா?

பதில்: இல்லை. அந்த 14 நாள், மனசு மாறித் திருப்பி அனுப்புகிறவர்களுக்கு. வேறு பொருளைத் தந்த தவறு அதில் அடங்காது. வெங்காயம் மாதிரி இருக்கும் கிழங்கைப் பார்த்து இரண்டு வாரத்தில் யார் நிறம் சொல்வது?

அலங்காரச் செடிகளின் விதை, கிழங்கு, வெட்டுக்குச்சி விற்பனைக்கென்றே ஐரோப்பிய ஒன்றியத்தில் 98/56 என்ற நெறிமுறை 1998இல் வந்தது. ரகத்தின் பெயரைச் சொல்லி விற்றால் அந்த ரகமாகவே இருக்க வேண்டும், வேறு ரகம் கலந்திருக்கக் கூடாது. "வண்ணக் கலவை" என்று விற்றிருந்தால் உங்களால் ஒன்றும் பேச முடியாது. பெயர் போட்டார்கள், மாட்டிக்கொண்டார்கள்.

ஆனால் வீட்டுத் தோட்டக்காரருக்கு விற்கும்போது முழு விவரச் சீட்டு வேண்டாம், பொருத்தமான தகவல் போதும் என்று அதே நெறிமுறை தளர்த்திவிடுகிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. உங்களுக்குக் கைகொடுப்பது பொது நுகர்வோர் சட்டம்தான். 2022 ஜனவரி முதல் நடப்பில் உள்ள விதிப்படி, பொருள் கைக்கு வந்த ஓராண்டுக்குள் குறை தெரிந்தால் அது முதலிலிருந்தே இருந்ததாகக் கொள்ள வேண்டும். இல்லையென்று காட்டுவது கடைக்காரர் பாடு. உங்களுக்கு ஆறே மாதம்தான் ஆகியிருக்கிறது. மண்ணுக்குள் போன கிழங்கு தானாக ரகம் மாறாது. (இதழில் தீற்றுத் தீற்றாக நிறம் உடைந்திருந்தால் வைரஸாக இருக்கலாம், அது வேறு புகார்.)

பூ வாடுவதற்குள் படம் எடுத்துவிடுங்கள். ஆர்டர் பக்கத்தையும் சேமித்து வையுங்கள். பொட்டலத்தில் ஐரோப்பியக் கொடி அச்சிட்ட சின்னச் சீட்டு இருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் தாவரக் கடவுச்சீட்டு. கடையில் நேரில் வாங்கினால் தேவையில்லை. ஆன்லைனில் வாங்கினால் கட்டாயம். அது ரகத்துக்குச் சாட்சி சொல்லாது, பூச்சி நோய்க்கானது. ஆனாலும் அந்தச் சீட்டை வழங்கிய நிறுவனத்தின் பதிவு எண் அதில் இருக்கும்.

முதலில் மாற்றுக் கிழங்குதான் கேட்க முடியும். அது அடுத்த இலையுதிர்காலத்தில்தான் வரும் என்றால், அவ்வளவு காத்திருக்க முடியாது, பணத்தைத் தாருங்கள் என்று எழுதிக் கேளுங்கள்.

கேள்வி: துலிப் பக்கத்தில் விடும் குட்டிக் கிழங்குகளை விற்கலாமா?

பதில்: உருவாக்கியவர் சட்டப்படி உரிமை பெற்று வைத்திருக்கும் ரகமென்றால், உங்கள் வீட்டுத் தோட்டத்தில் நட்டுக்கொள்ளலாம், உரிமையாளர் அனுமதியில்லாமல் விற்கக் கூடாது. ஐரோப்பிய ஒன்றிய அளவிலான ரக உரிமை பூக்கிழங்குகளுக்கு முன்பு 25 ஆண்டாக இருந்தது, 2021இல் 30 ஆக்கிவிட்டார்கள். 'குயின் ஆஃப் நைட்' அதைவிட மிகப் பழையது, அதற்கு இந்தத் தடை இல்லை. உங்களிடம் பூத்த சிவப்பு எந்த ரகம் என்று தெரியாதவரை, அதை மட்டும் விற்காதீர்கள்.