தமிழ்ப் பக்கம் ஏன் பாதியில் நிற்கிறது?

கேள்வி: வெப் சர்வர் எப்படி இயங்குகிறது என்று அறிவதற்காக, ஆயத்தக் கட்டமைப்பு எதையும் நாடாமல், பைத்தானில் சாக்கெட்டை (நெட்வொர்க் இணைப்புக்கான அடிப்படை வசதி) மட்டும் வைத்து ஒன்றை எழுதினேன். ஆங்கிலப் பக்கம் ஒழுங்காக வருகிறது. தமிழ்ப் பக்கமோ பாதியில் நின்று, கடைசியில் கேள்விக்குறியுள்ள கறுப்புக் கட்டம் தெரிகிறது. சர்வரை நிறுத்தி உடனே இயக்கினால், முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளதாகப் பிழை வருகிறது. நிரலை இணைத்துள்ளேன்.
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: நிரலில், எவ்வளவு அனுப்பப்போகிறோம் என்று பிரவுசருக்கு அறிவிக்கும் கன்டென்ட்-லெங்த் வரியைப் பாருங்கள். பக்கத்தின் நீளத்தை எழுத்துச் சரத்திலிருந்து நேரடியாக எடுத்திருக்கிறீர்கள். பிரவுசருக்கு அந்த எண் எழுத்துக் கணக்கு அன்று, பைட் கணக்கு. எழுத்துகளைப் பைட்டுகளாக மாற்றும் யுடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும் என்பதால் இரண்டு கணக்கும் ஒன்றாகவே வந்து, பிழை வெளியே தெரியாமல் இருந்துவிட்டது. 'தமிழ்' என்ற சொல் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5 குறியீடுகள். குறியீட்டுக்கு 3 பைட் வீதம் 15 பைட். நீங்கள் 5 என்று அறிவித்தால், பிரவுசர் 'த'வின் 3 பைட்டையும் 'ம'வின் முதல் 2 பைட்டையும் வாங்கிக்கொண்டு, பக்கம் முடிந்தது என்று நிறுத்திவிடும். அந்த அரைகுறை 'ம'தான் நீங்கள் காணும் கறுப்புக் கட்டம். ஆகவே சரத்தை முதலில் என்கோட் செய்து, அதாவது பைட்டுகளாக மாற்றி, கிடைக்கும் பைட் தொகுப்பின் நீளத்தை எழுதுங்கள். கன்டென்ட்-டைப் வரியில் சார்செட் (எழுத்துக் குறியாக்கம்) யுடிஎஃப்-8 என்றும் குறிப்பிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றும் கண்ணில் பட்டது. ஒரே ஒருமுறை 1024 பைட் வரை வாங்கிவிட்டு, கோரிக்கை முழுதும் வந்துவிட்டதாகக் கொள்கிறீர்கள். இணைப்பில் தரவைக் கொண்டுசெல்லும் டிசிபி நெறிமுறை, பைட்டுகளை வரிசை குலையாமல் கொண்டுவந்து சேர்க்குமே தவிர, செய்தி எங்கே முடிகிறது என்று சொல்லாது. சொந்தக் கணினியில் சோதிக்கும்போது பெரும்பாலும் தப்பித்துவிடலாம். நீண்ட குக்கியோடு வேறிடத்திலிருந்து வரும் கோரிக்கை துண்டு துண்டாக வரக்கூடும். தலைப்பு வரிகளின் முடிவைக் காட்டும் வெற்று வரி தென்படும்வரை, வருவதைச் சேர்த்துக்கொண்டே போவதுதான் முறை. பெரிய கட்டமைப்புகள் இதையெல்லாம் மறைத்துவிடுவதால், உங்களைப் போல் ஒருமுறை கையால் எழுதிப் பார்ப்பது வீண்வேலை அன்று.

முகவரிப் பிழைக்கு வருவோம். இணைப்பை முதலில் மூடும் தரப்பு, பிந்திவரும் பாக்கெட்டுகளை முன்னிட்டு, அதைச் சிறிது நேரம் விடுவிக்காமல் வைத்திருக்கும். லினக்ஸில் இது 60 நொடி; அதுவரை முகவரி பயன்பாட்டில் உள்ளதாகவே கொள்ளப்படும். சாக்கெட்டை முகவரியோடு பிணைப்பதற்கு (பைண்ட்) முன்பே, முகவரியை மீண்டும் பயன்படுத்த அனுமதிக்கும் ரியூஸ்-அட்ரஸ் விருப்பத்தை இயக்குங்கள். பின்னர் இயக்கிப் பயனில்லை.

இதை இப்போதைக்கு இணையத்தில் திறந்துவிட வேண்டாம். கோரிக்கையில் வரும் பாதையை அப்படியே கோப்புப் பெயராகத் திறக்கிறீர்கள். இரட்டைப் புள்ளியும் சாய்கோடும் சேர்த்து அனுப்புகிறவர் உங்கள் கோப்புறைக்கு வெளியே உள்ள கோப்புகளையும் படித்துவிடலாம். பாதையை முழுமையாக விரித்து, அது உங்கள் கோப்புறைக்குள்தான் முடிகிறதா என்று சரிபார்த்த பிறகே கோப்பைத் திறக்க வேண்டும்.