கொழிஞ்சாம்பாறையில் பக்கவாத மறுவாழ்வுச் சிகிச்சை: எங்கே கேட்பது?

வணக்கம் ஐயா. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரள ஊரான கொழிஞ்சாம்பாறையில் இருக்கும், பக்கவாதம் வந்து ஏழு வாரமான தங்கள் தந்தைக்கு வலது கை இன்னும் எழவில்லை, பேச்சும் குழறுகிறது, கோவைக்கு நாள்தோறும் காரில் அழைத்துச் செல்ல இயலவில்லை என்று எழுதியிருந்தீர்கள்.

முதல் மூன்று மாதங்களில்தான் முன்னேற்றம் பொதுவாக வேகமாக இருக்கும் என்பதால், பெரிய மருத்துவமனையில் இடம் கிடைக்கட்டும் என்று காத்திராமல், உங்கள் பஞ்சாயத்தின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாலியேட்டிவ் (வலி தணிப்பு, ஆதரவுச் சிகிச்சை) பிரிவு செவிலியரிடம் இன்றே பெயரைப் பதிவு செய்யுங்கள். கேரளத்தில் அப்பிரிவு புற்றுநோயாளிகளுக்கு மட்டுமானதன்று. படுத்த படுக்கையாக இருப்போரின் வீட்டுக்கும் வருவார்கள். எல்லைக்கு அப்பால் 2021 முதல் நடக்கும் தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வீட்டுக்கே இயன்முறை சிகிச்சை தந்தாலும், அது தமிழ்நாட்டில் வசிப்போருக்கானது. அதை நம்பி நாளைக் கடத்த வேண்டாம்.

தங்கிச் சிகிச்சை பெற வேண்டுமெனில், திருச்சூர் மாவட்டத்தில் இரிஞ்ஞாலக்குடா ரயில் நிலையம் அமைந்துள்ள கல்லேட்டும்கரையில் கேரள அரசின் சமூகநீதித் துறை நடத்தும் நிப்மர் மறுவாழ்வு நிறுவனத்தில் விசாரிக்கலாம். பேச்சுப் பயிற்சியாளரைத் தேடும்போது அவருக்குத் தமிழ் தெரியுமா என்று முதலிலேயே கேளுங்கள். வீட்டில் தமிழ் மட்டுமே பேசியவருக்கு மலையாளத்தில் பயிற்சி அளிப்பதால் பயன் குறைவு.

அதுவரை, தூக்கி உட்காரவைக்கும்போது செயலிழந்த கையைப் பிடித்து இழுக்காதீர்கள், தோள்மூட்டு நழுவிவிடும். தண்ணீர் குடிக்கையில் இருமல் வந்தால், அடுத்த பரிசோதனைக்குக் காத்திராமல் உடனே மருத்துவரிடம் தெரிவியுங்கள்.