தமிழ் டிவிஷனும் பக்கத்து வகுப்பும்

கேள்வி: பாலக்காடு மாவட்டம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் அரசு உதவி பெறும் (எய்டட்) எல்.பி. பள்ளி ஒன்றில், அதாவது தொடக்கப் பள்ளியில், தமிழ் மீடியம் மூன்றாம் வகுப்பு டீச்சர் நான். சேர்ந்து இரண்டாவது வருஷம். மலையாளம் மீடியம் டீச்சர்கள் சண்டைக்கு வருவதில்லை; சேர்த்துக்கொள்வதும் இல்லை. பைப் உடைந்தால் "தமிழ் குட்டிகள்" என்கிறார்கள். பிள்ளைகளும் அசெம்பிளியில் தாங்களாகவே கடைசிக்குப் போய் நிற்கிறார்கள். ஏ.இ.ஓ.விடம் (உதவிக் கல்வி அதிகாரி) சொல்லிவிடலாமா?

பதில்: இப்போது வேண்டாம் டீச்சர். எய்டட் பள்ளியில் சம்பளம் அரசு தருகிறது, நியமனம் மேனேஜர் கையில். மாற்றலாகிப் போகிறவர்கள் குறைவு. இன்று எதிரே உட்கார்ந்திருப்பவரே இன்னும் இருபது வருஷம் எதிரே இருப்பார். ஏ.இ.ஓ. விசாரித்துவிட்டு மத்தியானமே கிளம்பிவிடுவார்.

இந்த ஒட்டாமைக்குப் பாதிக் காரணம் மொழியே இல்லை. ஜூனில் பள்ளி திறந்து ஆறாவது வேலை நாளில் எடுக்கும் தலைக்கணக்கை வைத்துத்தான் டிவிஷனும் (வகுப்புப் பிரிவு) டீச்சர் போஸ்டும் முடிவாகின்றன. எல்லையோர ஊரில் ஒரே வீட்டுப் பிள்ளையைத் தமிழ் மீடியமும் மலையாளம் மீடியமும் கூப்பிடும். உங்கள் ரிஜிஸ்டரில் ஏறிய ஒரு பெயர், பக்கத்து டீச்சருக்குக் குறைந்த பெயராக இருக்கலாம். அந்தப் பயம் ஜூனோடு போவதில்லை, வருஷம் முழுக்க ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்திருக்கும். ஆகவே உங்கள் டிவிஷன் எண்ணிக்கையை அங்கே பெருமையாகப் பேச வேண்டாம்.

"குட்டிகள்" என்பது வசவல்ல. மலையாளத்தில் குட்டி என்றால் குழந்தைதான். தப்பு "தமிழ்" என்று மொத்தமாகச் சேர்ப்பதில் இருக்கிறது. கோபப்படாமல் அங்கேயே "ஏது குட்டியா? பேரெந்தா?" (எந்தப் பிள்ளை? பெயர் என்ன?) என்று கேளுங்கள். பெயர் தெரிந்தால் அந்தப் பையனைக் கூப்பிட்டு விசாரியுங்கள். பெயர் தெரியாவிட்டால் பேச்சு அதோடு நிற்கும். ஒவ்வொரு தடவையும் கேட்க வேண்டும். ஒரு தடவை விட்டாலும் பழைய பேச்சு திரும்பிவிடும்.

பிள்ளைகள் ஏன் கடைசிக்குப் போகிறார்கள் என்பதற்கு, நீங்கள் லீவு போடும் நாளைப் பாருங்கள். பையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வகுப்புக்குப் போகச் சொல்வார்கள். பின் பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்து, புரியாத பாடத்தைப் பார்த்துக்கொண்டு, நோட்டின் கடைசிப் பக்கத்தில் படம் வரைவார்கள். அந்த டீச்சருக்கும் இவர்களை என்ன செய்வதென்று தெரியாது, கூப்பிடப் பெயரும் தெரியாது. தங்கள் இடம் எதுவென்று பிள்ளைகள் கற்றுக்கொள்வது அந்த பீரியடில்தான்.

அதற்கு ஓர் அட்டை ஃபைல் போதும். மூன்று நாளுக்கான வேலை வையுங்கள்: நாளுக்கு இரண்டு கணக்குத் தாள், ஒரு தமிழ் வாசிப்பு அட்டை, அதை முன்னே நின்று நடத்தும் பிள்ளையின் பெயர். கணக்குத் தாளில் எழுத்துக் கணக்கைத் தவிர்த்து எண்களாகவே கொடுத்தால், மலையாளம் டீச்சரும் திருத்த முடியும். ஃபைலின் மேலே, பிள்ளைகள் உட்காரும் வரிசைப் படம். அதில் ஒவ்வொரு பெயரும் தமிழ், மலையாளம் இரண்டு எழுத்திலும். (ழகரம் மலையாளத்திலும் உண்டு, கயல்விழியைக் கயல்வில்லி ஆக்க யாருக்கும் காரணமில்லை.) ஃபைலை உங்கள் பீரோவில் பூட்டி வைத்தால் உங்கள் லீவு நாளில் அதுவும் லீவுதான். ஹெச்.எம். மேஜையில் இருக்கட்டும்.

எஸ்.ஆர்.ஜி. கூட்டத்தில் (பள்ளி டீச்சர்கள் பாடம் பற்றிக் கூடிப் பேசும் கூட்டம்) குறையைச் சொல்லாதீர்கள், நோட்டைக் காட்டுங்கள். "கழித்தலில் கடன் வாங்கும்போது இவன் இங்கே நிற்கிறான், உங்கள் டிவிஷனில் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறீர்கள்?" தமிழிலேயே நிதானமாகக் கேட்கலாம், உங்கள் சித்தூர் தாலுகாவில் தமிழ் புரியாத டீச்சர் அபூர்வம். ஆனால் கன்வீனரிடம் முன்னாளே சொல்லி முதல் விஷயமாகப் போடச் சொல்லுங்கள். "இதர விஷயங்கள்" வரும்போது எல்லார் கையிலும் குடை ஏறியிருக்கும்.

பதில் சொன்ன டீச்சரோடு வாரம் ஒரு பீரியட் இரண்டு டிவிஷனையும் சேர்த்து நடத்திப் பாருங்கள். வராந்தாவை டேப்பால் அளப்பது போல, கை முந்தும் வேலையாக இருக்கட்டும். நாலு பேர் குழு, இரண்டுக்கு இரண்டு, நீங்களே பிரியுங்கள். பிள்ளைகளிடம் விட்டால் தமிழ் தமிழோடு போய்விடும். இன்னொரு சறுக்கல்: எழுதும் வேலை எப்போதும் மலையாளப் பிள்ளைக்கே போகும், மற்றவன் டேப்பின் நுனியைப் பிடித்து நிற்பான். அளப்பவர், வாசிப்பவர், எழுதுபவர், சொல்பவர் என்று ஒவ்வொரு சுற்றிலும் மாற்றுங்கள்.

அசெம்பிளியில் சாதாரணத் திங்கட்கிழமை ஒன்றில் செய்தி வாசிப்பைக் கேட்டு வாங்குங்கள். பொங்கலுக்கு மட்டும் மேடை ஏற்றுவது விருந்தாளி மரியாதை.

உங்கள் பக்கத்திலும் ஒன்று உண்டு. மலையாளம் டீச்சர் உள்ளே வந்ததும் தமிழ் டீச்சர்கள் பேச்சை நிறுத்துகிறீர்களா, வேகத்தைக் கூட்டுகிறீர்களா? அவர்களும் அதைக் கவனித்திருப்பார்கள். சர்க்குலர் பெரும்பாலும் மலையாளத்தில்தான் வரும். இன்னொருவர் வாசித்துச் சொல்லும்வரை காத்திருந்தால் சேதி பாதிதான் வந்து சேரும். தினம் அரை மணி எழுத்தைப் பழகுங்கள்.

அடி, அவமானம் என்றால் கதை வேறு. உடலை வருத்தும் தண்டனையும் மன உளைச்சல் தருவதும் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் தடை. தேதியோடு எழுதி முதலில் ஹெச்.எம்.மிடம், நடவடிக்கை இல்லாவிட்டால் ஏ.இ.ஓ.விடம் கொடுங்கள்.

பெயர்ப் பட்டியலை இந்த வாரமே மலையாளத்தில் எழுதிவிடுங்கள். எழுத்துப் பிழை பார்த்துத் தரச் சொல்லிப் பக்கத்து டிவிஷன் டீச்சரிடம் கொடுங்கள்.