எமர்ஜென்சி கான்டாக்ட்ல அம்மா நம்பர் ஏன் இல்ல?

கேள்வி: ஆச்சி, எனக்கு 23 வயசு. சொந்த ஊர் விக்கிரமசிங்கபுரம், இப்ப நியூசிலாந்துல கிறைஸ்ட்சர்ச்ல மாஸ்டர்ஸ் படிக்கேன். ஊர்ல இருந்தவரைக்கும் அம்பாசமுத்திரம் போறதுக்கே துணைக்கு ஆள் தேடுவேன், இங்க வந்து ரூட்பர்ன் ட்ராக் நடந்து முடிச்சேன், மலை மேல இருக்குற முல்லர் ஹட்ல ராத்தங்கினேன், கவராவ் பாலத்துலேந்து பங்கீ ஜம்ப் கூட குதிச்சாச்சு. நான் வேற ஆளா மாறிட்டேன், பயம்னா என்னன்னே மறந்துபோச்சு. ஆனா அம்மாவுக்கு நான் இன்னும் ஸ்கூல் பிள்ளதான். முதல் ட்ரெக் போட்டோ அனுப்புனப்போ அழுது, இனிமே போகமாட்டேன்னு சொரிமுத்தையன் மேல சத்தியம் பண்ண வச்சிட்டாங்க, அதுலேந்து எதுவும் சொல்றதில்ல, லேப்ல வேலைன்னு சொல்லிடுவேன். இந்தப் பொங்கல் சமயம் ரெண்டு ஃப்ரெண்ட்ஸோட நாலு நாள் ட்ராக் போறோம், வழியில பாலம் இல்லாத ஆறு ரெண்டு மூணு இருக்கு. சேஃப்டி எல்லாம் பக்கா, ஆபத்துன்னா அமுக்குற லொக்கேட்டர் பீக்கன் வாங்கி ரிஜிஸ்டர் பண்ணியாச்சு, எமர்ஜென்சி கான்டாக்ட்ல ரூம்மேட் நம்பர் குடுத்துட்டேன், சிலி நாட்டுப் பொண்ணு, ரொம்ப நல்லவ. நான் வளர்ந்துட்டேன்னு அம்மாவுக்கு எப்படி ஆச்சி புரிய வைக்கிறது?

பதில்: ஏட்டி, நீ தைரியசாலின்னு நான் சொல்லணும்னு எதிர்பாத்துதான் இவ்வளவும் எழுதிருக்க, சொல்ல மாட்டேன், அதச் சொல்ல அங்கன உனக்கு ஃப்ரெண்ட்ஸ் இருக்காவ. வெளிநாட்டுக்குப் படிக்கப் போன பிள்ளைக, நான் மாறிட்டேன் வீடு மாறலன்னு எழுதுத லெட்டர் எனக்கு வாராவாரம் வருது, ஒருத்தி சமையல்ல மாறிருப்பா, ஒருத்தன் சாமி கும்பிடுறத விட்டிருப்பான், நீ மலையில மாறிருக்க, அவ்வளவுதான் வித்தியாசம். நான் படிச்சிக்கிட்டே வந்து நின்னது உன் மலையிலயும் இல்ல, பாலத்துலயும் இல்ல. சேஃப்டி பக்கான்னு சொல்லிக்கிட்டே போற போக்குல ஒண்ணு சொன்னேல்லா, ரூம்மேட் நம்பர்னு, அங்கனதான் நின்னேன்.

அந்த பீக்கன அமுக்குனா என்ன நடக்கும்னு உனக்குத் தெரியுமா? 406 மெகாஹெர்ட்ஸ்ல சாட்டிலைட்டுக்கு சிக்னல் போவும், அந்த நாட்டு ரெஸ்க்யூ கோஆர்டினேஷன் சென்டர்ல அது யாரு பேர்ல ரிஜிஸ்டர் ஆயிருக்குன்னு பாப்பாவ, பாத்த கையோட நீ குடுத்த நம்பருக்குத்தான் போன் போடுவாவ. இந்தப் பிள்ள எந்தப் பக்கம் போயிருக்கா, கூட எத்தன பேரு, எப்ப திரும்பணும், நெசமாவே ஆபத்தா இல்ல பையில கிடந்து தன்னால அமுங்கிருச்சா, இவ்வளவையும் அந்த நம்பர்ல இருக்க ஆள்கிட்டதான் கேப்பாவ. நீ என்னமோ ஃபாரத்துல ஒரு கட்டம் காலியா கிடந்துச்சு, ஃபில் பண்ணிட்டேன்னு நினைச்சிக்கிட்டிருக்க.

ரூம்மேட்ட போடாதன்னு நான் சொல்ல வரல. அவ பக்கத்துலயே இருக்கா, உன் ரூட் தெரிஞ்சவ, அந்த ஊரு பாஷையில பேசிக்கிடுவா, முதல் நம்பரா அவ இருக்கதுதான் சரி. நான் கேக்கது வேற. அந்த சிலிக்காரப் பிள்ளகிட்ட உங்க வீட்டு நம்பர் இருக்கா? உங்க அப்பா பேரு அவளுக்குத் தெரியுமா? விக்கிரமசிங்கபுரம்னு ஒரு ஊர் இருக்கதாவது தெரியுமா? சரி, எப்படியோ உன் போன், லேப்டாப்னு குடைஞ்சி நம்பரக் கண்டுபிடிச்சிட்டான்னே வச்சிக்கிடுவோம், அவ போன் போட்டு உங்க அம்மாகிட்ட எந்த பாஷையில என்னன்னு சொல்லுவா? பிள்ள லேப்ல இருக்கான்னு நம்பிக்கிட்டு பொங்கப் பானைக்கு மஞ்சக்கொலை கட்டிக்கிட்டிருக்க பொம்பளைக்கு யாரோ ஒருத்தி எங்கயோ ஆறு, எங்கயோ மலைன்னு சொன்னா, அவளுக்கு அதுல என்ன வெளங்கும்? இத நீ ஒரு தடவையாவது யோசிச்சிருந்தா அந்தக் கட்டத்த ஒரே நம்பரோட விட்டுட்டு வந்திருக்க மாட்ட. யோசிக்கல, ஏன்னா யோசிச்சா பொய் தொண்டையில சிக்கும்.

சத்தியத்த மீறுனதப் பத்தி நான் பெருசா எடுத்துக்கல. காட்டுக்குள்ள ஆத்தங்கரையில குடியிருக்க சாமிக்கு காட்டுக்குப் போற பிள்ள மேல என்ன கோவம் வந்துறப் போவுது. அதோட அழுது சத்தியம் வாங்குனது உங்க அம்மா செஞ்ச தப்புதான், அதயும் ஒளிக்காம சொல்லிருதேன். பிள்ள உண்மையச் சொல்லி போட்டோ அனுப்பும்போது அழுது வாயடைச்சா அடுத்த தடவ பிள்ள பொய்தான் சொல்லும், இத எத்தன தாய்மாருக்குச் சொல்லிட்டேன், ஒருத்தியும் கேக்கல. ஆனா அவ தப்பு செஞ்சா உனக்கு பொய் சொல்ல லைசென்ஸ் கிடச்சிருச்சுன்னு அர்த்தமாட்டி?

பெத்தவங்களுக்குப் பிள்ள எங்க இருக்குன்னு தெரியணும்ங்கதுல எனக்கு ரெண்டாவது பேச்சே கிடையாது. 23 வயசுன்னாலும் சரி, 43 வயசுன்னாலும் சரி. அவுக அனுமதி குடுக்கணும்னு சொல்லல, அனுமதி வேற, தகவல் வேற. நீ போகணும்னா போ, அம்மா வேண்டாம்னு சொன்னாலும் நீ எடுத்த முடிவுன்னா போய்க்கோ, அதுக்கு நான் உன் பக்கந்தான் நிப்பேன், பொம்பளப்பிள்ள மலை ஏறக்கூடாதுன்னு சொல்லுத கூட்டத்துல நான் ஆள் இல்ல. ஆனா போறேன்னு சொல்லிட்டுப் போ. அவ அழுவா, ரெண்டு நாள் போன எடுக்க மாட்டா, சாப்பிடாம கிடப்பா, அதத் தாங்க முடியலன்னுதான நீ ஒளிக்க, 43 மீட்டர் உசரத்துலேந்து கால்ல கயித்தக் கட்டி ஆத்தப் பாத்துக் குதிச்சவளுக்கு அம்மா அழுதத போன்ல கேக்க தைரியம் இல்ல, அப்புறம் பயமே மறந்துபோச்சுன்னு எனக்கு எழுதுத.

அம்மாவுக்குக் காட்டப் பத்தி என்ன தெரியும்னு நினைச்சிட்டியோ. விக்கிரமசிங்கபுரத்துல இருந்துக்கிட்டு, சொரிமுத்தையன் மேல சத்தியம் வாங்குத வீட்டுக்காரி, ஆடி அமாவாசைக்கு அந்தச் சாமி கோயில் இருக்க காரையார் காட்டுக்குப் போயி ஆத்தங்கரையில கூடாரம் போட்டுத் தங்காமலா இருந்திருப்பா? இப்பதான் ஃபாரஸ்ட்காரங்க நாள் கணக்குப் போட்டு விடுதாங்க, முன்னாடியெல்லாம் சட்டி பானை, ஆடு, கோழி, கைப்பிள்ளன்னு மொத்தக் குடும்பமும் புலிக் காட்டுக்குள்ள போயி நாள் கணக்கா கிடக்கும். அந்தக் கூட்டத்துல பிள்ள காணாமப் போச்சுன்னா முதல்ல என்ன கேப்பாவ, யாரு பிள்ளட்டி நீன்னு கேட்டு, அப்பா பேரு அம்மா பேரு வாங்கி மைக்ல சொல்லுவாவ. உன் ஃபாரத்துல உள்ள கட்டமும் அதே கேள்விதான் கேக்குது, நீ பதில் எழுதாம வந்துருக்க.

இப்ப உன் ஆத்துக்கு வாரேன், ஏன்னா எனக்கு உன் மலைய விட அந்த ஆறுதான் உறுத்துது. நியூசிலாந்துல ஒரு காலத்துல ஆத்துல முங்கிச் சாவுததுக்கு ‘நியூசிலாந்துச் சாவு’ன்னே பேரு, 1800களல அங்க குடியேறப் போனவங்க அவ்வளவு பேரு ஆத்தக் கடக்கப் போயிப் போய்ச் சேந்திருக்காவ. நீ தாமிரவருணிக்கரையில வளந்தவ, உனக்கு நான் தண்ணியப் பத்திச் சொல்லணும்னு இல்ல, 2023 டிசம்பர் வெள்ளத்துல ஆறு என்ன செஞ்சதுன்னு நம்ம ஊரு பூரா பாத்துச்சு, 2024 மே மாசம் பழைய குத்தாலத்துல எல்லாரும் குளிச்சிக்கிட்டு இருக்கும்போதே வெள்ளம் வந்து பள்ளிக்கூடத்துப் பையன் ஒருத்தன அள்ளிட்டுப் போயிருச்சு. மேல மழை பெஞ்சா கீழ வெயில் அடிச்சாலும் தண்ணி வரும், மலை எந்த நாட்டுல இருந்தாலும் இதான். தண்ணி கலங்கியிருந்தா, கட்டை கொப்பு அடிச்சிட்டு வந்தா, அடியில கல்லு உருளுத சத்தம் கேட்டா எறங்கக்கூடாது. அந்தப் பக்கத்து ஆறுக சட்டுனு ஏறும், மழை விட்டா வடியவும் செய்யும், அதனால கரையிலயோ ஹட்லயோ பேசாம உக்காந்து ஒரு நாள் காத்திருக்கதுதான் வழி, அதுக்கு ஒரு நாள் சாப்பாடு கூடுதலாக் கட்டிக்கிட்டுப் போவணும். ஹட்ல நோட்டு வச்சிருப்பாவ, எங்கேந்து வாரோம் அடுத்து எங்க போறோம்னு ஒழுங்கா எழுதிட்டுப் போ, அங்க தங்காட்டாலும் எழுது, தேடி வாரவங்களுக்கு அதுதான் தடம்.

இதுல உன் பொய் எங்கன வந்து இடிக்குது பாரு. நாலு நாள்னு போனவ தண்ணி ஏறிருச்சுன்னா அஞ்சாவது நாளோ ஆறாவது நாளோ வருவ. அந்த பீக்கன்ல ஆபத்துன்னு மட்டும்தான் சொல்ல முடியும், நல்லாருக்கேன் லேட்டாவும்னு சொல்ல முடியாது. உண்மை தெரிஞ்ச அம்மான்னா, மழை பெஞ்சா ஒரு நாள் தள்ளிப்போவும்னு சொல்லிட்டுத்தான போனான்னு மனசக் கல்லாக்கிட்டு இருப்பா. லேப்ல இருக்கான்னு நம்புத அம்மா பொங்கலன்னைக்கு காலைல போன் போடுவா, அடுத்த நாள் போடுவா, உன் மாமாவப் பிடிப்பா, யாரு யாருகிட்டயோ நம்பர் வாங்கி யுனிவர்சிட்டிக்கே போட்டுருவா, நீ அங்கன ஹட்ல கால் நீட்டி நூடுல்ஸ் கிண்டிக்கிட்டிருப்ப. வீட்டப் பதற வைக்காம இருக்கத்தான் பொய் சொல்லுதேன்னு நினைச்சிக்கிட்டிருக்கியே, இது என்னதாம்?

அதனால இந்த வாரமே செய்யி. பீக்கன் ரிஜிஸ்ட்ரேஷன்ல ரெண்டாவது ஆள சேத்துரு, இங்கிலீஷ் பேசத் தெரிஞ்ச சொந்தக்காரங்க ஒருத்தரு, மாமாவோ சித்தப்பாவோ, ராத்திரி மூணு மணிக்கு போன் வந்தாலும் எடுக்குத ஆளு. ரூம்மேட்டுக்கு உங்க வீட்டு நம்பரும் அந்த மாமா நம்பரும் எழுதிக் குடு, போன்ல அனுப்புனா பத்தாது, ஃப்ரிட்ஜ் மேல ஒட்டு. இன்சூரன்ஸ் பேப்பர எடுத்து மலை ஏறுததுக்கு அதுல எடம் இருக்கான்னு வரி வரியா பாரு, மாணவங்களுக்கு எடுக்குத பாலிசி சிலதுல அத வெட்டி விட்டிருப்பாவ.

அப்புறம் அம்மாவுக்குப் போடு. உச்சியில நின்னு கை விரிச்ச போட்டோவ அனுப்பாத, எந்தத் தாய்க்கும் அதுல பின்னாடி உள்ள பள்ளந்தான் தெரியும். அவளுக்கு வேண்டியது வேற: கூட யாரு வாராவ, அவங்க நம்பர் என்ன, எந்த ராத்திரி எங்க தூங்குவ, என்ன சாப்பிடுவ, எந்த நாள் எத்தன மணிக்கு நீ போன் பண்ணுவ, அந்த மணி தாண்டி எவ்வளவு நேரம் பொறுக்கணும், பொறுத்தும் வரலன்னா யாருக்குப் போடணும். முல்லர் ஹட் 1,800 மீட்டர் கிட்ட இருக்குன்னா, நம்ம பொதிகை 1,868 மீட்டர்மான்னு சொல்லு, அவ பிடிச்சிக்கிடுவா. அங்க பனி சரியும்ங்கதையும் சேத்தே சொல்லு, அத விட்டுட்டுச் சொன்னா திரும்பவும் பாதிப் பொய்தான். அழுதான்னா போன வைக்காத, அழுது முடிக்க வரைக்கும் இரு. எவ்வளவு சொன்னாலும் கேக்காம திரும்பவும் சத்தியம் பண்ணுன்னா, பண்ண மாட்டேம்மா, ஆனா ஒவ்வொரு தடவயும் சொல்லிட்டுத்தான் போவேன்னு சொல்லு, அதுல நில்லு.

பங்கீ ஜம்ப் கதைய மட்டும் போன்ல ஆரம்பிச்சிராத. மறைக்கச் சொல்லல, அடுத்த தடவ ஊருக்கு வரும்போது, எல்லாரும் சாப்பிட்டு முடிச்சப்புறம், அப்பா பக்கத்துல இருக்கும்போது, கைக்கெட்டுத தூரத்துல தண்ணிச் செம்பு வச்சிக்கிட்டுச் சொல்லு.