பி.எச். சரியாக இருந்தும் மீன் சாகிறதே? புதுத் தொட்டியின் தண்ணீர்ச் சோதனை

கேள்வி: புதிதாக 50 லிட்டர் கண்ணாடித் தொட்டி வைத்து, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் நிரப்பி, ஸ்பாஞ்ச் பில்டரை மூன்று நாள் ஓடவிட்டேன். சோதனைப் பட்டையில் பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு) 8 காட்டியது. தண்ணீரும் பளிங்கு மாதிரி இருந்தது. பத்து கப்பி மீன்கள் விட்டேன். ஐந்தாம் நாளிலிருந்து மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஆறு செத்துவிட்டன. மிச்சம் நான்கு. தண்ணீரில் எதையெல்லாம் சோதித்திருக்க வேண்டும்?

பதில்: முதலில் அந்த நான்கைக் காப்பாற்றுவோம். இன்றே தொட்டித் தண்ணீரில் பாதியை எடுத்துவிட்டு, அதே சூட்டில் இருக்கும் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். ஒரு நாள் முன்பே பிடித்து வைத்து ஏர் பம்ப் ஓடிய தண்ணீராக இருந்தால் நல்லது. இரண்டு நாளைக்குத் தீனியே வேண்டாம், கப்பி தாங்கும். அதன் பிறகு கண்ணில் படாத அளவு போட்டால் போதும். அடுத்த இரண்டு மூன்று வாரத்துக்கு, சோதனையில் அம்மோனியாவோ நைட்ரைட்டோ (இரண்டும் மீனுக்கு நஞ்சு, கீழே சொல்கிறேன்) தெரிகிற நாளெல்லாம் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுங்கள்.

இனி கேள்விக்கு வருகிறேன். நீங்கள் பார்த்தது பி.எச். ஒன்றை மட்டும். 8 என்பது கப்பிக்குக் கெட்ட அளவு இல்லை. மீனைக் கொன்றது பெரும்பாலும் அம்மோனியாதான். மீன் செவுள் வழியாக அதை இருபத்துநாலு மணி நேரமும் வெளியேற்றிக்கொண்டிருக்கிறது. மிச்சத் தீனி அழுகினாலும் அதுதான் வரும். பழைய தொட்டியில் அதைத் தின்ன நுண்ணுயிர்கள் பில்டரில் குடியிருக்கும். புதுத் தொட்டியில் அப்படி யாரும் இல்லை. மூன்று நாள் வெறுமனே பில்டரை ஓட்டினால் தண்ணீர் சுழலும், அவ்வளவுதான். சாப்பாடே இல்லாத வீட்டில் யார் குடியேறுவார்கள்?

உங்கள் பி.எச். 8 இங்கேதான் மீனுக்கு எதிராகத் திரும்பியது. தண்ணீரில் அம்மோனியா இரண்டு வடிவில் இருக்கும். ஒன்று அதிகத் தீங்கில்லாத அம்மோனியம், இன்னொன்று நஞ்சான அம்மோனியா. 25 டிகிரி சூட்டில், பி.எச். 7 என்றால் நஞ்சு வடிவம் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. பி.எச். 8 என்றால் சுமார் ஐந்து பங்கு. சோதனைக் கிட்டில் ஒரே அளவு அம்மோனியா காட்டும் இரண்டு தொட்டிகளில் ஒன்றில் மீன் நீந்தும், இன்னொன்றில் மிதக்கும். சூடு கூடினாலும் இதே கதைதான். இதற்காக அமிலம் ஊற்றி பி.எச்.சை இறக்கப் போகாதீர்கள். நிலையான 8-ஐ மீன் பழகிக்கொள்ளும், காலையில் 8 மாலையில் 7 என்று ஆடினால் பழகாது.

ஆழ்துளைத் தண்ணீரில் இன்னொரு விஷயம். அது மேலே வரும்போது கரியமில வாயு அதிகமாகவும் ஆக்சிஜன் குறைவாகவும் இருக்கும். பிடித்த உடனே பார்த்தால் பி.எச். குறைவாகக் காட்டும், ஒரு நாள் காற்றோட்டம் கொடுத்த பிறகு பார்த்தால் ஏறியிருக்கும். இரண்டாவதாக வருவதுதான் உண்மையான எண். குழாய்த் தண்ணீராக இருந்தால் குளோரினைப் பாருங்கள். சாதாரண குளோரின் ஒரு நாள் காற்றோட்டத்தில் போய்விடும், குளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது) போகாது. அதற்கு குளோரினை நீக்கும் சோடியம் தயோசல்பேட் வேண்டும். அது குளோரமினை உடைக்கும்போது கொஞ்சம் அம்மோனியா மிஞ்சும், அதையும் கணக்கில் வையுங்கள்.

சோதிக்க வேண்டியவை அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பி.எச்., கார்பனேட் கடினத்தன்மை (பி.எச்.சைச் சரியவிடாமல் தாங்குவது). பட்டையை விட சொட்டு விட்டுப் பார்க்கும் கிட்டைத்தான் நான் நம்புவேன். பல பட்டைகளில் அம்மோனியா சோதனையே இருக்காது. கிட்டின் சோதனைக் குழாயை முதலில் தொட்டித் தண்ணீராலேயே அலசுங்கள். கோடு வரைக்கும் நிரப்புங்கள், சொட்டை நேராகப் பிடித்து விடுங்கள், சாய்த்தால் சொட்டின் அளவு மாறும். சொன்ன நிமிடம் வரை காத்திருந்து, வெள்ளைத்தாளின் மேல் வைத்து, பகல் வெளிச்சத்தில் நிறத்தை ஒப்பிடுங்கள். மஞ்சள் பல்பின் கீழே பார்த்தால் பச்சையும் மஞ்சளும் ஒன்றாகிவிடும். பல நைட்ரேட் கிட்டுகளில் இரண்டாவது புட்டியின் அடியில் பொடி படிந்துவிடும். அதை அரை நிமிடம் நன்றாகக் குலுக்காமல் விட்டால் நைட்ரேட் இல்லவே இல்லை என்று காட்டும். சோதனை பல முறை தவறிப்போவது இந்தப் புட்டியால்தான். நைட்ரைட் இருக்கும் தொட்டியில் நைட்ரேட் கிட் பொய்யாகக் கூட்டிச் சொல்லும், அந்தக் கட்டத்தில் அந்த எண்ணைப் பொருட்படுத்த வேண்டாம்.

அடுத்த முறை மீன் இல்லாமல் தொட்டியைத் தயார் செய்யுங்கள். 50 லிட்டருக்கு அம்மோனியம் குளோரைடு 0.3 கிராம், ஒரு சிட்டிகைதான். அம்மோனியா சுமார் 2 பி.பி.எம். (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) காட்டும். அது கிடைக்காவிட்டால் தினமும் கொஞ்சம் மீன் தீனி போட்டு அழுக விடலாம், நாற்றம் வரும், வேலையும் மெதுவாக நடக்கும். முதலில் அம்மோனியா ஏறி இறங்கும். நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுவதால், அது இறங்க இறங்க நைட்ரைட் ஏறும். அதுவும் நஞ்சுதான், மீனின் ரத்தத்தைப் பழுப்பாக்கி ஆக்சிஜனைச் சுமக்க விடாமல் செய்யும். உங்கள் நான்கு கப்பிகளுக்கும் இன்னும் சில நாளில் இந்தக் கட்டம் வரும், அப்போது லிட்டருக்கு ஒரு கிராம் கல்லுப்பு கரைத்து விடுங்கள். உப்பின் குளோரைடு செவுளில் நைட்ரைட் நுழைவதைத் தடுக்கும். கடைசியில் நைட்ரைட்டும் நைட்ரேட்டாக மாறி, அது மட்டும் மிஞ்சும்.

இதற்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். ஓடிக்கொண்டிருக்கும் ஆரோக்கியமான தொட்டியிலிருந்து ஒரு அழுக்கு ஸ்பாஞ்ச் கிடைத்தால் பாதியாகக் குறையும். கடையில் விற்கும் புட்டி நுண்ணுயிரைவிட அந்த அழுக்குக்குத்தான் மதிப்பு அதிகம். இடையில் பி.எச். திடீரென்று சரிந்து வேலை நின்றுபோனால் கார்பனேட் கடினத்தன்மை தீர்ந்திருக்கும். இந்த நுண்ணுயிர்கள் காரத்தன்மையைச் செலவழித்தே வேலை செய்கின்றன. கார்பனேட் கடினத்தன்மை கிட்டில் 3 டிகிரிக்குக் கீழே போகும்போது கொஞ்சம் சமையல் சோடா சேருங்கள்.

தொட்டி தயாரா என்று பார்க்க, 2 பி.பி.எம். அம்மோனியா போட்டு, 24 மணி நேரம் கழித்து அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டுகிறதா என்று சோதியுங்கள். காட்டினால், பெரிய அளவில் தண்ணீரை மாற்றி நைட்ரேட்டை 20 பி.பி.எம்.முக்குக் கீழே கொண்டுவந்துவிட்டு, மூன்று நான்கு கப்பி மட்டும் விடுங்கள். மூன்றாம் நாள் மறுபடி கிட்டை எடுங்கள். இரண்டும் பூஜ்யத்திலேயே இருந்தால் அடுத்த வாரம் இன்னும் மூன்று நான்கு சேர்க்கலாம். ஸ்பாஞ்சைக் குழாயடியில் அலசாதீர்கள், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் இரண்டு முறை பிழிந்தாலே போதும்.